கிழக்கே பதினைந்தாம் மனை

கார்மேகம் அண்ணன் ஊரில் வீடு வாங்கப் போகிறார் என்ற செய்தி வந்த அன்றே எங்கள் ரூமில் இருந்த மற்ற ஏழு பேரும் அந்த வீட்டில் குடியேறிவிட்டோம். ஒருத்தர் மாடி எடுத்தார். ஒருத்தர் வாசல் கேட்டை உடைத்து வேறு பக்கம் வைத்தார். நான் மட்டும் என் பங்குக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினேன்.

நாங்கள் எல்லோரும் ஷார்ஜா தொழில்பேட்டையில் லாரிக்கு டிரெய்லர் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அண்ணன் அங்கே வெல்டர், பதினேழு வருஷ சர்வீஸ். அவர் மனைவி கனகா மதினி மானாமதுரையில் வாடகை வீட்டில் இருந்தார். வீடு பார்த்ததும் அவர்தான். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரகுநாதன் என்பவருடைய வீடு. அவர் கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போகிறாராம். மூலை வீடு, ரெண்டு பக்கம் ரோடு, ரெண்டு பக்கமும் காற்று. வீடியோவில் பார்த்தபோது எங்களுக்கே வேர்வை அடங்கியது.

"வீடு பிடிச்சுப் போச்சு. இனி நல்ல வக்கீல் ஒருத்தர்தான் வேணும், பத்திரத்தப் பாக்குறதுக்கு" என்றார் அண்ணன்.

சொல்லி வாய் மூடவில்லை. கீழ்க்கட்டிலில் இருந்து விஜயபாஸ்கர் எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, வெங்கட்ராமன் சார் இருக்கும்போது வேற யாரண்ணே?"

வெங்கட்ராமன் மதுரை வக்கீல். போன வருஷம் ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் கூட்டம் போட்டார். 'வளைகுடாத் தமிழர்களின் வீட்டு வக்கீல்' என்று பேனர். கோட்டு போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். வெளிநாட்டில் ரத்தம் சிந்திச் சம்பாதிக்கிறவன் ஊரில் ஏமாறக் கூடாது என்றபோது விஜயபாஸ்கருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பிரியாணி போட்டார்கள். எங்களுக்கு அந்தப் பேச்சில் ஒரு வரியும் நினைவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது. அதனால் வக்கீலும் நல்லவர் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம்.

அண்ணன் அவருக்கே பேசினார். "டாக்குமெண்டை வாட்ஸப்பில் போடுங்க, நாளைக்கே ஒப்பீனியன் கொடுத்துடுறேன்" என்றார் அவர். அண்ணனுக்கு அந்த 'நாளைக்கே' ரொம்பப் பிடித்துவிட்டது. இங்கே ஒரு லீவுக்கு எழுதிக் கொடுத்தால்கூட மூன்று வாரம் ஆகிறது.

ஊரில் கனகா மதினி வேறு மாதிரி வக்கீல் தேடிக்கொண்டிருந்தார்.

ரகுநாதன் நல்ல மனுஷர். "என் வக்கீலே ரெண்டு பேருக்கும் பார்த்துக்கட்டுமே, உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார். மதினி சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டு, நேராகப் பதிவு ஆபீஸுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஆதார் கார்டை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பத்திரம் பதிய வந்தவர்கள், பதிந்துவிட்டு வந்தவர்கள், பதியாமல் திரும்பிப் போகிறவர்கள், எல்லோரிடமும் ஒரே கேள்வி: "இங்க எந்த வக்கீல் ரொம்பக் கேள்வி கேட்டு எரிச்சலக் கெளப்புவாங்க?"

எல்லோரும் மேலே கையைக் காட்டினார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஜோதிமணி என்று ஒரு போர்டு. ஒருவர் சொன்னாராம்: "அந்தம்மாகிட்டப் போகாதீங்க. என் தாத்தா செத்த தேதியக் கேட்டு மூணு மாசம் அலைய விட்டுச்சு." மதினி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

இதையெல்லாம் மதினி சொல்ல நாங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டோம். எங்கள் கூட்டத்தில் போன் பேசுவது என்றால் ஸ்பீக்கர் போட்டுத்தான். கையில் சோறு இருக்கும்.

"என்னங்க, வக்கீலம்மா முன்னால உக்காந்திருக்கேன். நீங்களே பேசுங்க" என்று மதினி போனைத் திருப்பினார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மா.

"வணக்கம் மேடம். நான் கார்மேகம், ஷார்ஜாவுல இருந்து..."

"வீட்ட நேர்ல பாத்தீங்களா?"

"வீடியோவுல பாத்தேன் மேடம்."

"வீட்டப் பாத்தீங்க. எல்லையப் பாத்தீங்களா?"

அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் சோற்றைப் பார்த்தோம்.

"சரி, மூலப் பத்திரம், வில்லங்கம், மனை வரைபடம் எல்லாம் இருக்கட்டும். பத்து நாள் ஆகும்" என்றார் ஜோதிமணி.

"பத்து நாளா? மதுரைல நாளைக்கே தர்றேங்கிறாங்க மேடம்."

"அப்ப அங்கயே வாங்கிக்குங்க" என்று போனை மதினியிடம் கொடுத்துவிட்டார்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கனகா இது, மதிச்சு ஒரு வார்த்தை பேசலயே! போன வச்சிட்டு வெளிய வா. வெங்கட்ராமன் சார்தான் நமக்கு வக்கீல். கலாஸ், முடிஞ்சுபோச்சு!"

"சரிங்க" என்றார் மதினி.

அந்த 'சரிங்க' அவ்வளவு சீக்கிரம் வந்ததில் எனக்குச் சந்தேகம்தான். அண்ணனுக்கு வரவில்லை. கீழே இறங்குவதற்கு முன்பே மதினி பத்திர நகல் அத்தனையையும் ஜோதிமணி மேஜையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சொன்னபடி மறுநாளே வெங்கட்ராமன் ஆபீஸில் இருந்து ஒப்பீனியன் வந்தது. பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை. 'மேற்படி சொத்து யாதொரு வில்லங்கமும் இல்லாதது, தாராளமாகக் கிரயம் பெறலாம்' என்று கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்து. அண்ணன் அதை ரூமில் எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார். கூடவே ஒரு யோசனையும் வந்திருந்தது: அண்ணன் துபாய் கான்சலேட்டுக்குப் போய் வெங்கட்ராமன் ஆபீஸ் உதவியாளர் பேரில் ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிட்டால், பதிவு வேலை முழுவதையும் அவர்களே முடித்துவிடுவார்களாம்.

"அந்த உதவியாளர் யாருங்க?" என்று மதினி கேட்டார்.

"சாரோட ஆளு."

"அவரு எப்படி இருப்பாரு? நெட்டையா, குட்டையா?"

"அது எதுக்கு உனக்கு?"

"நம்ம வீட்ட வாங்கப் போறவரு. ஒரு நாள் பாத்தா வாங்கன்னு கூப்பிட வேணாமா?"

விஜயபாஸ்கர் தலையணைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தான். அண்ணன் கான்சலேட்டுக்கு ஒரு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல வேளையாக ஃபோர்மேன் தரவில்லை.

ஒன்பதாம் நாள். பெயிண்ட் ஷெட் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மதினியிடம் இருந்து வீடியோ அழைப்பு வந்தது. அண்ணன் எடுத்தால், திரையில் ஜோதிமணி. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் ஒரு தெருவில் நிற்கிறார். கையில் சுருட்டிய வரைபடம். பக்கத்தில் குடை பிடித்தபடி ரகுநாதன். அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"கார்மேகம்தானே? பத்திரத்துல நாலு எல்லை என்ன போட்டிருக்கு, படிச்சீங்களா?"

"மேடம், நீங்க எப்படி... நாங்க வேற வக்கீல்..."

"நான் படிக்கிறேன், கேளுங்க. 'பதினாலாம் நம்பர் மனை. வடக்கே இருபது அடி ரோடு. மேற்கே பதிமூணாம் மனை. கிழக்கே பதினைந்தாம் மனை.' கிழக்கே என்ன இருக்கணும்?"

"பதினஞ்சாம் மனை மேடம்."

ஜோதிமணி போனைத் திருப்பினார். வீட்டுக்குக் கிழக்கே ஒரு ரோடு இருந்தது. ரோட்டில் ஒரு மாடு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் அந்த மாடு திரையை விட்டுப் போகும் வரைக்கும் பார்த்தோம்.

"இது மூலை மனை. வரைபடப்படி இதுதான் பதினஞ்சு. ரகுநாதன் சார் பத்திரம் பதினாலுக்கு. பதினாலாம் மனைல இருக்கிறது அதோ, அந்தப் பச்சைக் கேட்டு வீடு."

"அப்ப பத்திரம் தப்பா மேடம்?"

"பத்திரத்துல ஒரு குறையும் இல்ல. வீடுதான் தப்பு."

நடந்தது இதுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மனை போட்டபோது கல் நட்டவர் பதினான்காம் கல்லையும் பதினைந்தாம் கல்லையும் மாற்றி நட்டுவிட்டார். வாங்கிய ரெண்டு பேரும் கல்லைப் பார்த்து வீடு கட்டினார்கள். பத்திரத்தைப் பீரோவில் பூட்டினார்கள். வரி கட்டினார்கள், கரண்ட் பில் கட்டினார்கள். பதினெட்டு வருஷமாக ஒருத்தர் மனையில் இன்னொருத்தர் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

ரகுநாதன் குடையை மடக்கிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். "முப்பத்தாறு வருஷம் ஊர் பூரா சரியான விலாசத்துக்குத் தபால் கொண்டு சேத்தேன் தம்பி" என்று அவர் சொன்னது மெதுவாகக் கேட்டது. எங்களுக்கே பாவமாக இருந்தது.

அண்ணன் உடனே வெங்கட்ராமனுக்குப் போன் அடித்தார். "சார், கிழக்கே ரோடு இருக்கு சார்!"

"வெரி குட். ரோடு இருந்தா வேல்யூ கூடுமே" என்றார் அவர். அண்ணன் விளக்கிச் சொல்லச் சொல்ல, அவரைக் கோர்ட்டில் கூப்பிடுகிறார்கள் என்று லைன் கட்டாகிவிட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் பெரிய வேடிக்கை. அண்ணனைத் தவிர ஏழு பேரும் அவரவர் வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியை வாசலுக்கு வரச் சொல்லி, "கிழக்கே என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். விஜயபாஸ்கரின் சம்சாரம் கிழக்கு எது என்று கேட்டதற்கு அவன் ஷார்ஜாவில் ஒரு திசையைக் கைகாட்டினான். என் வீட்டுக்குக் கிழக்கே பத்திரப்படியே வாய்க்கால் இருந்தது. அதற்கு முன்னால் அந்த வாய்க்காலை நான் அவ்வளவு அன்போடு நினைத்ததில்லை.

மறுநாள் ஜோதிமணியிடம் அண்ணன் ரொம்பப் பணிவாகக் கேட்டார். "மேடம், இப்ப இந்த வீட்ட விட்டுறலாமா?"

"வீடு நல்ல வீடு, ஏன் விடணும்? பக்கத்து வீட்டுக்காரரும் ரகுநாதன் சாரும் ஒரு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி மனையை மாத்திக்கிட்டா எல்லாம் சரியாகிடும். அப்புறம் நீங்க கிரயம் வாங்கலாம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரு பஹ்ரைன்ல இருக்காரு. நீங்க பேசுறீங்களா? நான் பேசுனா பயந்துருவாங்க."

"சரி மேடம். அப்புறம் அந்தப் பவரு..."

"எதுக்குப் பவர்? வீட்டம்மா ஊர்ல இருக்காங்க. அவங்க பேர்ல வாங்குங்க. அவங்க வந்து கையெழுத்துப் போடப் போறாங்க."

பின்னாலிருந்து மதினி இருமியது கேட்டது. அண்ணன் மூக்கைச் சொறிந்துகொண்டு, "அதுவும் நல்லதுதான் மேடம்" என்றார்.

பச்சைக் கேட்டுக்காரர் பெயர் சேதுமாதவன். பஹ்ரைனில் ஈசா டவுனில் குடும்பத்தோடு இருந்தார், அக்கவுண்டன்ட். ரகுநாதன் கொடுத்த நம்பருக்கு அண்ணன் அடித்தார்.

"சார் வணக்கம். நான் ஷார்ஜாவுல இருந்து பேசுறேன். உங்க வீடு உங்க வீடு இல்ல சார்."

"ஓடிபி கேட்டீங்கன்னா போலீஸ்ல கம்ப்ளைன்ட் கொடுப்பேன்" என்று வைத்துவிட்டார்.

ரெண்டாம் தடவை அடித்தபோது, தன் வீட்டுப் பத்திரத்தை மதுரையின் பெரிய வக்கீல் ஒருவர் பார்த்து ஒப்பீனியன் கொடுத்திருப்பதாக அதட்டினார். போன வருஷம் மனாமாவில் கூட்டம் நடத்தினாராம்.

"பிரியாணி போட்டாரா சார்?" என்று அண்ணன் கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் தன் பன்னிரண்டு பக்கத்தையும் அனுப்பினார். அவர் தன்னுடைய பன்னிரண்டு பக்கத்தையும் அனுப்பினார். அதே தங்க முத்திரை. ரெண்டிலும் எட்டாம் பக்கத்தில் 'வில்லங்கம்' என்பதில் ஒரு 'ல்' இல்லை. மனை நம்பரும் பெயரும்தான் வேறு வேறு. ரெண்டு பேரும் அரை மணி நேரம் அந்த வக்கீலைத் திட்டினார்கள். பேசி முடிக்கும்போது பல வருஷம் பழகியவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

ஆனால் சேதுமாதவன் கணக்குப் பார்க்கிற ஆள். அடுத்த நாள் அவரே கூப்பிட்டார்.

"கார்மேகம், ஒரு சந்தேகம். என் பத்திரம் பதினஞ்சுக்கு. பதினஞ்சுன்னா மூலை மனை. அப்படின்னா சட்டப்படி அந்த மூலை வீடு எனக்குத்தானே வரணும்?"

அண்ணன் அன்று ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. அந்தக் கேள்வி எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் சேதுமாதவன் போனை எடுக்கவில்லை. அண்ணன் வெல்டிங்கில் ஒரு கதவைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்து, ஃபோர்மேனிடம் இந்தியில் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார். "ஒரு நல்ல வீடு கைக்குக் கிட்ட வந்துச்சு அருளு" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

மதினி நேராக மாடி ஏறி ஜோதிமணியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் உடனே பஹ்ரைனுக்குப் போன் போட்டார். எடுத்தது சேதுமாதவனின் மனைவி ஜெயலட்சுமி.

"உங்க வீட்டுக்காரர் கேட்டது சரிதாம்மா. மூலை வீட்ட நீங்க கேக்கலாம். கேஸ் போடலாம், பத்துப் பதினஞ்சு வருஷம் நடக்கும். ஜெயிச்சாலும் இப்ப இருக்கிற உங்க வீடு நிக்கிறது ரகுநாதன் சார் மனைல. அத அவருக்கு விட்டுக் கொடுத்துட்டு நீங்க மூலைக்குப் போயிரணும்."

"எந்த வீட்ட?"

"பச்சைக் கேட்டு வீட்ட. இப்ப நீங்க கட்டி வச்சிருக்கிறத."

"என் கிச்சன் அதுலதான் இருக்கு!" என்றாராம் ஜெயலட்சுமி.

அந்தக் கிச்சன் சாதாரணமானதில்லை. நாலு லீவாகச் சேர்த்து வைத்துச் செய்தது. அலமாரிக் கதவுக்குக் கைப்பிடி மட்டும் எட்டுக் கடை ஏறி இறங்கி வாங்கியதாம். புகைபோக்கி பஹ்ரைனில் இருந்து கார்கோவில் போனது. இன்னும் ஒரு நாள்கூட அவர் அதில் முழுச் சமையல் செய்ததில்லை. அதைத் தபால்காரர் வீட்டோடு மாற்றிக்கொள்வதா?

பின்னால் அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து சேதுமாதவன் அண்ணனைக் கூப்பிட்டார். குரல் ரொம்பச் சாதுவாக இருந்தது.

"கார்மேகம், யோசிச்சுப் பாத்தேன். மனுஷனுக்கு மனுஷன்தானே முக்கியம். ஜூலைல ஸ்கூல் லீவுக்கு ஊருக்குப் போறோம். மாத்தி எழுதிக் கொடுத்துடுறேன்."

"சார், ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு."

"ஆமா, ஆமா" என்றார் சேதுமாதவன். "என் வைஃபும் அதான் சொன்னா."

ஜூலை மூன்றாம் வாரம் ரெண்டு பத்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவுக்கு வந்தன. முதலில் மனை மாற்றம், மறுநாள் மதினி பேரில் கிரயம். அதற்கு முன்பே ஜோதிமணி ஒரு நில அளவையாளரைக் கூட்டிவந்து ரெண்டு மனையையும் சங்கிலி போட்டு அளக்க வைத்து, நாலு மூலையிலும் புதிதாகக் கல் நட வைத்திருந்தார். கல்லில் நம்பரைத் தானே பெயிண்டால் எழுதினாராம். இன்னொருத்தரை நம்பவில்லை.

கிரயப் பதிவை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று அண்ணன் காலையில் இருந்தே தயாராக இருந்தார். கோடைக்காலம், வெயிலில் வேலை செய்யக் கூடாத அந்த மதிய நேரத்தில் நாங்கள் ஷெட்டுக்குள் காத்தாடிக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்தோம். மதினி போனைத் தூக்கிப் பிடித்தார். பட்டுச் சேலை கொஞ்சம், ஒரு மேஜையின் மூலை, ரகுநாதனின் காது தெரிந்தன. "போன உள்ள வைங்கம்மா" என்று ஒரு குரல். திரை இருட்டாகிவிட்டது.

அண்ணன் அந்த இருட்டையே நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டுக்கு வெளியே தார்ரோடு வெயிலில் நெளிந்தது.

பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. "முடிஞ்சிருச்சுங்க" என்றார் மதினி. அண்ணன், "ம்" என்றார். நாங்கள்தான் கை தட்டினோம். பாகிஸ்தான்கார டிரைவர் ஒருவர் என்னவென்று கேட்டு, வீடு என்றதும் வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த அண்ணன் ஜோதிமணிக்குப் போன் போட்டார். நன்றி சொல்வதற்காக முந்தின நாளே யோசித்து வைத்திருந்தார்.

"மேடம், நீங்க மட்டும் அன்னைக்கு அந்த வெயில்ல போய் நிக்கலைன்னா, என் பதினேழு வருஷ ஒழைப்பு மேடம்..."

"சரி, சரி. பட்டா மாறணும், வீட்டு வரி பேரு மாத்தணும், கரண்ட் கனெக்ஷன் பேரு மாத்தணும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டம்மாவ வரச் சொல்லுங்க. பத்தரைக்கு வர வேணாம், எனக்கு வேற ஆள் இருக்கு."

வைத்துவிட்டார்.

அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பெருமையோடு பார்த்தார். "பாத்தியா அருளு? ஒரு நன்றி சொல்லக்கூட விடல. வக்கீல்னா இப்படித்தான் இருக்கணும்."

மூன்று மணிக்கு ஃபோர்மேன் வந்து, "யல்லா, யல்லா" என்று வேலைக்கு விரட்டினார். அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் மதினிக்கு ஒரு செய்தி அனுப்பினார்: வியாழன், பதினொன்று, முன்னாலேயே போய் நிற்காதே.